கால்வாய் ஊரும் கண்ணாடிக் கோபுரங்களும்: சூச்சோ பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் பழைய ஊர்களைப் பற்றிய ஒரு பதிலில், சீனாவின் சூச்சோ நகரம் தொழிற்சாலைகளுக்கு இடம் கொடுத்தும் பழைய ஊரை இடிக்காமல் வைத்திருக்கிறது என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. நான் சிங்கப்பூரில் வடிகால் பொறியாளனாக வேலை பார்த்தவன். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அலுவலகம் என்னை அந்த ஊருக்கு அனுப்பியது. மனத்துக்கு மிக நெருக்கமான ஊர். எனவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

சூச்சோ எங்கே இருக்கிறது? உண்மையிலேயே அவ்வளவு பழைய ஊரா?
ச.வி., சேலம்

ஷாங்காயிலிருந்து மேற்கே அதிவேக ரயிலில் அரை மணி நேரம். யாங்சே ஆற்றின் கழிமுகச் சமவெளி. ஊருக்கு மேற்கே கடல்போலக் கிடக்கும் தாய் ஏரி (சீனத்தில் தாய்ஹு; நம் ‘தாய்’ என்ற சொல் அல்ல).

கி.மு. 514-ல் வூ நாட்டு மன்னன் ஹெலூ இதைத் தன் தலைநகராக அமைத்தான். இடம் பார்த்துத் திட்டம் போட்டவர் அவனுடைய அமைச்சர் வூ சூஷூ. அன்று தேர்ந்த இடத்திலேயே ஊர் இன்றும் இருக்கிறது. போரில் எரிந்திருக்கிறது, கொள்ளை போயிருக்கிறது, ஆனால் இடம் பெயரவில்லை.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் கன்பூசியஸ் கோயிலுக்குப் போக வேண்டும். 1229-ல் ஊரின் வரைபடத்தை ஆளுயரத்தை மிஞ்சிய கல்லில் வெட்டி வைத்தார்கள். அது அங்கே உள்ள கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தெரு, கால்வாய், கோயில், அரசு மனை, முந்நூறுக்கு மேற்பட்ட பாலங்கள் எல்லாம் அதில் உண்டு. வீட்டு வாசல் தெருவில் திறக்கும், கொல்லைப்புறம் கால்வாயில் இறங்கும். தெருக்களின் கட்டமும் கால்வாய்களின் கட்டமும் ஒன்றோடொன்று பொருந்திக் கிடப்பதால் இரட்டைச் சதுரங்கப் பலகை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். இன்றைய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முக்கியத் தெருக்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன.

அந்தக் கல்லின் முன்னால் நின்றால் எனக்கு நேரம் போவது தெரியாது. தட்டையான ஊர், தண்ணீர் ஓடுவதற்குச் சரிவே இல்லை. ஏரித் தண்ணீரை ஊருக்குள் விட்டு, மெதுவாகச் சுற்ற வைத்து, கிழக்கே கடல் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். படகுப் பாதை, மழைநீர் வடிகால், தீயணைக்கத் தண்ணீர் எல்லாம் ஒரே கால்வாய். தென்மேற்கில் பான்மென் வாயில் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1351-ஐச் சேர்ந்தது. நடந்து வருகிறவர்களுக்கு ஒரு வாசலும் படகுக்கு ஒரு வாசலும் அருகருகே உள்ளதை அங்கே பார்க்கலாம்.

இவ்வளவு தொழிற்சாலைகள் வந்த பிறகும் பழைய ஊர் எப்படித் தப்பியது? யார் தடுத்தார்கள்?
ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர், திருச்சி

ஐயா, தானாகத் தப்பவில்லை. 1950களில் மதிலின் பெரும்பகுதியை இடித்தார்கள். பல கால்வாய்களை மண் போட்டு மூடினார்கள். முற்றம் வைத்த பழைய வீடுகளுக்குள்ளேயே பட்டறைகளும் ஆலைகளும் புகுந்து, கழிவெல்லாம் கால்வாயில் கலந்தது. இன்னும் இருபது ஆண்டுகள் அப்படியே போயிருந்தால் பேசுவதற்கு ஊரே மிஞ்சியிருக்காது.

1982-ல் சீன அரசு வரலாற்றுப் பெருமையுள்ள நகரங்கள் என்று 24 ஊர்களின் முதல் பட்டியலை வெளியிட்டது. சூச்சோ அதில் ஒன்று. ஆனால் பட்டியலால் மட்டும் ஊர் பிழைப்பதில்லை. 1986-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த மாஸ்டர் பிளான்தான் திருப்பம். பழைய ஊரை முழுமையாகக் காப்பது, புது ஊரை அதற்கு வெளியே கட்டுவது என்பது அதன் சாரம். அகழி சூழ்ந்த பழைய ஊர் 14.2 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் கட்டடம் 24 மீட்டருக்கு மேல் எழும்பக்கூடாது என்ற வரம்பும் வந்தது. ஆலைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. 1990களின் தொடக்கத்தில் மேற்கே ஒரு புதிய தொழில் மாவட்டம். 1994 பிப்ரவரியில் கிழக்கே சீனாவும் சிங்கப்பூரும் கூட்டாகத் தொழிற்பூங்கா தொடங்க ஒப்பந்தம் போட்டன. பழைய ஊர் நடுவில், புதியவை இரு பக்கமும்.

நான் வேலை பார்த்தது கிழக்குப் பக்கம். ஜின்ஜி ஏரியைச் சுற்றி வயலும் குட்டையுமாகத் தாழ்ந்த நிலம். சிங்கப்பூர் முறைப்படி, முதல் ஆலைக்கு அடித்தளம் போடுவதற்கு முன்பே நிலத்தடி வேலை முடிய வேண்டும். சாலை, மின்சாரம், குடிநீர், எரிவாயு, நீராவி, மழைநீர் வடிகால், கழிவுநீர், தொலைபேசி, கேபிள் டிவி என்று ஒன்பது இணைப்புகள், அதோடு மண் கொட்டி நிலத்தை மேடாக்குதல். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு கட்டடம் இல்லாத இடத்தில் ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவு குழாய்களைப் புதைத்தோம். உள்ளூர் இளம் பொறியாளர்களுக்கு அது பெரிய மலைப்பு. 1999-ல் தாய் ஏரிப் படுகையில் பெருவெள்ளம் வந்தது. ஏரியின் நீர்மட்டம் அதுவரை பதிவான அளவுகளையெல்லாம் தாண்டியது. நாங்கள் போட்ட சாலைகளில் தண்ணீர் நிற்கவில்லை. அதற்குப் பிறகு குழாயின் அளவைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து வேறு சிலவும் வந்தன. மத்திய சேம நிதியைப் பார்த்துத் தொழிலாளர்களுக்கு ஒரு சேம நிதி அமைத்தார்கள். குடியிருப்புக்கு நடுவில் சந்தை, மருந்தகம், கடைகள், நூலகம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும் அக்கம்பக்க நிலையங்களைக் கட்டினார்கள்.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். மேற்கு மாவட்டம் நகராட்சியின் சொந்தப் பிள்ளை. முதலீட்டாளர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. எங்கள் தொழிற்பூங்கா நட்டத்தில் ஓடியது. சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் லீ குவான் இயூ வெளிப்படையாகவே தன் வருத்தத்தைச் சொன்னார். கடைசியில் 2001 தொடக்கத்தில் சிங்கப்பூரின் பங்கு 65 விழுக்காட்டிலிருந்து 35 ஆகக் குறைந்து, நிர்வாகம் சீனர்களின் கைக்குப் போனது. அந்த ஆண்டிலிருந்து லாபம். என்னோடு வேலை பார்த்த சிலருக்கு அது தோல்வியாகவே பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர் அவர்களுடையது. பொறுப்பு அவர்களிடம் போன பிறகும் திட்டத்தை அவர்கள் மாற்றாமல் நடத்தினார்கள். வரைந்தவனுக்கு அதைவிடப் பெரிய மதிப்பு வேறு ஏது?

உங்கள் கேள்விக்கு என் நேரடியான பதில் இதுதான். பழைய ஊரைத் தடை உத்தரவு மட்டும் காப்பாற்றவில்லை. பணத்துக்குப் போவதற்கு வேறு நல்ல இடம் அமைத்துக் கொடுத்தார்கள். சாலையும் தண்ணீரும் மின்சாரமும் தயாராக இருக்கிற நிலம் பத்து கிலோமீட்டர் தள்ளிக் கிடைக்கும்போது, குறுகிய சந்துக்குள் ஆலை கட்ட எவரும் மல்லுக்கு நிற்க மாட்டார்கள். காப்பது என்றால் எங்கே கட்டக்கூடாது என்று சொல்வதோடு, எங்கே கட்டலாம் என்பதையும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டும்.

அந்த ஊரின் பொருளாதார பலத்தைச் சில எண்களில் சொல்ல முடியுமா?
வணிகவியல் மாணவர், கோயம்புத்தூர்

தம்பி, 2020-ல் அதன் ஆண்டு உற்பத்தி மதிப்பு 2 லட்சம் கோடி யுவானைத் தாண்டியது. ஷாங்காய், பெய்ஜிங், ஷென்சென், குவாங்சோ, சோங்சிங் ஆகியவற்றுக்கு அடுத்து ஆறாம் இடம். இத்தனைக்கும் சூச்சோ மாகாணத் தலைநகரம் அல்ல (அது நாஞ்சிங்). சொந்த விமான நிலையமும் இல்லை. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 27 லட்சம்.

இந்த எண்கள் பழைய ஊருடையவை மட்டுமல்ல. சூச்சோவின் ஆளுகையில் குன்ஷான், சாங்ஷு, சாங்ஜியாகாங், தைசாங் என நான்கு ஊர்கள் தனித்தனி நகரங்களாக இருக்கின்றன. குன்ஷானில் தைவான் நிறுவனங்கள் குவிந்தன. உலகில் செய்த மடிக்கணினிகளில் மூன்றில் ஒன்று அங்கிருந்து வந்த காலம் உண்டு. சீன நாடக மரபுகளில் மிக நுட்பமானதாகக் கருதப்படும் குன்சூ பிறந்ததும் அதே குன்ஷான் மண்ணில்தான். 2001-ல் யுனெஸ்கோ வெளியிட்ட வாய்மொழி மரபுச் செல்வங்களின் முதல் பட்டியலில் குன்சூவும் கேரளத்துக் கூடியாட்டமும் சேர்ந்தே இடம்பெற்றன.

ஒரே ஒரு தோட்டம் பார்க்கத்தான் நேரம் என்றால் எதைப் பார்ப்பது?
இல்லத்தரசி, மதுரை

அம்மா, எல்லோரும் ஜுவோஜெங் தோட்டத்தைச் சொல்வார்கள். பெரியது, ஐந்து ஹெக்டேருக்கு மேல். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங் ஷியான்சென் என்ற அதிகாரி, பதவி வெறுத்து ஊர் திரும்பி அமைத்தது. ஓவியர் வென் ஜெங்மிங் அதன் 31 காட்சிகளை 1533-ல் ஓவியத் தொகுப்பாக வரைந்தார். வாங்கின் மகன் சூதாட்டத்தில் தோட்டத்தையே தோற்றான் என்று சொல்வார்கள்.

அங்கே நடுப்பகுதியின் கிழக்கு ஓரத்தில் நின்று குளத்தின் மேல் மேற்கே பாருங்கள். மரங்களுக்கு நடுவே 76 மீட்டர் உயரமுள்ள வடகோயில் அடுக்குக் கோபுரம் தெரியும். அது தோட்டத்துக்குள் இல்லை, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. வெளியே உள்ளதைத் தோட்டத்தின் காட்சிக்குள் கடன் வாங்குவது அந்தக் கலையின் உயிர்நாடி. இடையில் ஒரே ஒரு பத்து மாடிக் கட்டடம் எழுந்திருந்தால் அந்தக் காட்சி செத்திருக்கும். 24 மீட்டர் என்ற எண் எனக்குப் புரிந்தது அந்த இடத்தில் நின்றபோதுதான்.

ஆனால் நீங்கள் ஒன்றுதான் என்று கேட்டதால், நான் வாங்ஷி தோட்டத்தைச் சொல்வேன். அரை ஹெக்டேர்தான். தென் சோங் அரச மரபின் காலத்தில் (12, 13-ஆம் நூற்றாண்டுகள்) தொடங்கி, பதினெட்டாம் நூற்றாண்டில் இன்றைய வடிவம் பெற்றது. நடுவில் ஒரு சின்னக் குளம். கரையோரம் பாறைகளுக்கு அடியில் தண்ணீர் உள்ளே நுழைவதுபோல அமைத்திருப்பதால் குளம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. மூன்றடி எடுத்துவைத்தால் கடந்துவிடக்கூடிய ஒரு கற்பாலமும் உண்டு. பாலம் அவ்வளவு சிறியதாக இருப்பதால் பக்கத்தில் உள்ள தண்ணீர் பெரிதாகத் தெரிகிறது. சில பருவங்களில் இரவிலும் திறப்பார்கள். அறைக்கு அறை குன்சூவும், பிங்தான் என்கிற கதைப்பாட்டும் நடக்கும். அந்தத் தோட்டத்தின் ஒரு முற்றத்தை முன்மாதிரியாக வைத்து நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஒன்று கட்டி 1981-ல் திறந்தார்கள். அதற்காகச் சூச்சோ கைவினைஞர்கள் கடல் கடந்து போனார்கள். கூரை ஓடுகளும் தரைக்கற்களும் சுட, மூடிக் கிடந்த பழைய அரசுச் சூளையைத் திரும்பப் பற்றவைத்தார்கள்.

சூச்சோவின் தோட்டங்களில் நான்கு 1997-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன, 2000-ல் மேலும் ஐந்து. இன்று அழகாக இருப்பதைப் பார்த்து எப்போதும் இப்படியே இருந்தன என்று எண்ணிவிடாதீர்கள். லியூ தோட்டம் போர்க்காலத்தில் குதிரை லாயமாகக் கிடந்தது. 1953-ல் தொடங்கித்தான் தூண் தூணாக மீட்டார்கள்.

புதிய அருங்காட்சியகத்தின் படத்தைப் பார்த்தேன். பழைய ஊருக்கு நடுவில் அது பொருந்துகிறதா?
கட்டடக்கலை மாணவி, சென்னை

பொருந்துகிறது. அதைக் கட்டியவர் ஐ. எம். பெய். பாரிஸ் லூவரின் கண்ணாடிப் பிரமிடைக் கட்டிய அதே பெய். அவருடைய குடும்பத்தின் வேர் சூச்சோவில். சிங்கத் தோப்பு என்ற தோட்டம் ஒரு காலத்தில் பெய் குடும்பத்துச் சொத்து. சிறுவயதுக் கோடை விடுமுறைகளை அவர் அங்கே கழித்தார். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, அதிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிற இடத்தில் இந்த அருங்காட்சியகத்தைக் கட்டினார். 2006-ல் திறந்தது.

வெள்ளைச் சுவர், சாம்பல் விளிம்பு என்று ஊரின் நிறத்தை எடுத்துக்கொண்டார். கூரையில் ஓடுகளுக்குப் பதிலாகக் கருங்கல் பலகை பதித்தார். மழை பட்டால் அது கறுத்துப் பளபளக்கும். பக்கத்து ஜுவோஜெங் தோட்டத்தின் வெள்ளை மதிலை ஓவியத் தாளாக எடுத்துக்கொண்டு, அதன் முன் ஷாண்டோங்கிலிருந்து வந்த பாறைகளை அறுத்து நிறுத்தி மலைத்தொடர் ஆக்கினார். பழைய தோட்டங்களில் உள்ள துளை விழுந்த தாய் ஏரிக் கற்களை அவர் போலி செய்யவில்லை. மரபைப் பின்பற்றுவது என்றால் என்ன என்று மாணவர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஒரு முற்றத்தில் ஒரு கொடி படர்ந்திருக்கும். வென் ஜெங்மிங் நட்டதாகச் சொல்லப்படும் பழைய கொடியின் கிளையிலிருந்து ஒட்டுக் கட்டியது அது. தவறாமல் பாருங்கள்.

சூச்சோ பட்டு இன்றும் கையால் நெய்கிறார்களா?
நெசவாளர், காஞ்சிபுரம்

கொஞ்சம். சோங் பட்டு எனப்படும் அடர்ந்த பூவேலைத் துணியும், ஊடு நூலை வண்ணம் வண்ணமாகத் துண்டித்து நெய்யும் கெசியும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. சீனப் பட்டு மரபு 2009-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது இவையும் சேர்ந்தன. 2014-ல் பெய்ஜிங்கில் நடந்த ஏபெக் (ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டமைப்பு) மாநாட்டில் தலைவர்கள் உடுத்திய உடைக்கு சோங் பட்டைப் பயன்படுத்தினார்கள். அதன் பிறகு அதற்கு ஒரு மறுவாழ்வு வந்தது.

கைவேலை அதிகம் நிற்பது தையல் பூவேலையில். தாய் ஏரிக் கரையில் ஜென்ஹு என்ற ஊரில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. ஒரு பட்டு இழையை எட்டாக, பதினாறாகப் பிரித்து, மீனின் வாலுக்கு அதிலும் மெல்லியதை எடுப்பார்கள். துணியின் இரண்டு பக்கமும் முடிச்சு தெரியாமல் தைப்பார்கள். மற்றபடி, பட்டுக்குப் பெயர்பெற்ற ஷெங்சே ஊரில் இன்று பெரிதாக ஓடுவது செயற்கை இழை ஆலைகள். உலகின் மிகப் பெரிய பாலியெஸ்டர் நிறுவனங்களில் ஒன்றான ஹெங்லி அங்கே வளர்ந்ததுதான்.

அந்த ஊருக்கும் நமக்கும் ஏதாவது பழைய தொடர்பு உண்டா?
ஆசிரியை, யாழ்ப்பாணம்

உண்டு டீச்சர், உங்கள் நாட்டில்தான் அதன் சாட்சி இருக்கிறது. 1405-ல் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே தன் முதல் கடற்பயணத்துக்குக் கப்பல்களைத் திரட்டியது லியூஜியாகாங் துறையில். அது இன்று சூச்சோ ஆளுகையில் உள்ள தைசாங்கில் இருக்கிறது. 1431-ல், கடைசிப் பயணத்துக்கு முன், கடல் தெய்வத்தின் கோயிலில் தன் பயணங்களைப் பட்டியலிட்டு ஒரு கல்வெட்டும் அங்கே நிறுத்தினார்.

அவர் இலங்கைக்குக் கொண்டுவந்த கல் 1409 என்ற ஆண்டைத் தாங்கியது. காலியில் 1911-ல் கிடைத்தது, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் காணிக்கை சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே கொடை. மாணவர்களைக் கொழும்புக்கு அழைத்துப் போனால் காட்டுங்கள்.

 

எல்லாமே நல்லதாகச் சொல்கிறீர்கள். அந்த ஊர் இழந்தது எதுவும் இல்லையா?
ம.சு., புதுச்சேரி

நிறைய உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கான்ஜியாங் சாலையை அகலப்படுத்தப் பழைய ஊரைக் குறுக்காகப் பிளந்து, இருபுறமும் வீடுகளை இடித்தார்கள். நடுவில் கால்வாயை மட்டும் விட்டுவைத்தார்கள். 2012-ல் முதல் மெட்ரோ பாதை அதே சாலைக்கு அடியில் போனது. வாகனங்களுக்கு வழி வேண்டும் என்ற நெருக்கடி எனக்குப் புரியும், ஆனாலும் அந்தக் காயம் ஆறவில்லை.

அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்துப் பிங்ஜியாங் சாலைப் பகுதியைத் தொட்டபோது வேறு விதமாகச் செய்தார்கள். ஷாங்காய் தோங்ஜி பல்கலைக்கழகப் பேராசிரியர் ருவான் யீசான் திட்டம் வகுத்தார். கம்பிகளையும் குழாய்களையும் பூமிக்குள் இறக்கி, வீடுகளைப் பழுதுபார்த்தார்கள். முதல் சில ஆண்டுகள் அருமை. கால்வாய்ப் படியில் கீரை அலசும் பாட்டிகளையும் பார்க்கலாம், சுற்றுலாக்காரர்களையும் பார்க்கலாம். இப்போது கூட்டம் அதிகம். ஒரே மாதிரித் தின்பண்டக் கடைகள், வாடகைக்குப் பழங்கால உடை. குடியிருந்தவர்களின் பிள்ளைகள் கிழக்கே அடுக்ககங்களுக்குப் போய்விட்டார்கள்.

போனதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பழைய வீடு என்றால் நமக்கு மரச்சட்டமும் முற்றமும் நினைவு வரும். உள்ளே இருப்பவருக்கு ஒரே முற்றத்தில் பல குடும்பங்கள், ஒழுகும் கூரை, கழிப்பறை இல்லாமை. இந்த நூற்றாண்டிலும் பல வீடுகளில் மரவாளிதான். நகராட்சி வீடு வீடாகக் கழிப்பறை கட்டிக் கொடுத்து அதை ஒழிக்க நெடுநாள் ஆயிற்று. வடிகால்காரனாகச் சொல்கிறேன், எல்லா மதில் சீரமைப்புகளையும்விட அந்த வேலையை நான் உயர்வாக மதிக்கிறேன். கழிவுநீர் இணைப்பு தராமல் பாரம்பரியத்தைக் காக்கச் சொல்வது அங்கே குடியிருப்பவருக்குச் செய்யும் அநியாயம்.

பேச்சும் போகிறது. சூச்சோ மக்கள் பேசும் மெல்லிய வூ மொழியில்தான் பிங்தான் பாடப்படுகிறது. பள்ளியில் மாண்டரின். அதோடு, ஊரில் வசிப்போரில் அரைக் கோடிக்கு மேற்பட்டவர்கள் வெளியூர்க் குடும்பப் பதிவு உள்ளவர்கள், அதாவது அரசுப் பதிவேட்டில் அவர்களின் சொந்த ஊர் வேறு. அன்ஹுய், ஹெனான் மாகாணங்களிலிருந்து வந்த அவர்கள் உழைப்பில்தான் அந்த ஆலைகள் ஓடுகின்றன. அவர்களும் ஊரின் சொந்தக்காரர்களே என்று நான் நினைக்கிறேன். அவர்கள் பிள்ளைகளுக்கும் பிங்தான் புரிய வைக்க முடிந்தால் அந்தக் கலை நிற்கும். முடியாவிட்டால் தோட்டத்து இரவு நிகழ்ச்சியாக மட்டும் சுருங்கிவிடும். எனக்கு இதில்தான் உண்மையான கவலை.

சைவ உணவு கிடைக்குமா? எந்த மாதம் போகலாம்?
ஓய்வுபெற்ற தம்பதி, திருநெல்வேலி

கிடைக்கும். ஷீயுவான் கோயிலில் சைவ நூடுல்ஸ் பேர்பெற்றது. காளான், மூங்கில் குருத்து போட்டுத் தருவார்கள். காலையிலேயே போங்கள். வெளிக்கடைகளில் கேட்காமல் சாப்பிட வேண்டாம், காய்கறிக்குக்கூடப் பன்றிக் கொழுப்பு ஊற்றுவார்கள். ஆகஸ்ட் கடைசிக்கு மேல் போனால், வடஇந்தியாவில் மக்கானா என்கிறோமே, அந்த விதையைப் பச்சையாக உரித்துச் சர்க்கரைப் பாகில் தருவார்கள். கட்டாயம் சாப்பிடுங்கள். ஏரித் தீவுகளின் பிலோசுன் தேயிலையும் வாங்கலாம், பழ மரங்களுக்கு நடுவே வளர்வது.

மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை, அல்லது அக்டோபர் பாதி முதல் நவம்பர் வரை போகலாம். மே முதல் நாளை ஒட்டியும் அக்டோபர் முதல் வாரமும் நாடே விடுமுறையில் இருக்கும், தவிர்த்துவிடுங்கள். ஜூன் பாதியிலிருந்து விடாமல் தூறும். பெய் கட்டிய அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் முன்பதிவும் பாஸ்போர்ட்டும் வேண்டும். திங்கட்கிழமை மூடல்.